அவசரத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு நிதானம். கூட்டத் தலைவர் அதை அறிவித்ததும் உங்களில் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததைக் கவனித்தேன். நிதானத்தைப் பற்றிப் பேச வந்தவன் நிதானமாகவே பேசிக்கொண்டிருப்பானோ என்ற கவலை. கவலை வேண்டாம். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

நிதானத்தால் என்ன நன்மை என்று கேட்டால் உடனே ஒரு பட்டியல் வரும். தூக்கம் வரும், செரிமானம் சீராகும், மனம் அடங்கும். எல்லாம் உண்மைதான். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் பாட்டிமார் சொன்னதை இன்றைய மருத்துவமும் தள்ளிவிடவில்லை. வயிறு நிறைந்தது என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகிறது. ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவர், அந்தச் சேதி வருவதற்கு முன்பே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு விடுகிறார்.

ஆனால் பட்டியலோடு நின்றுவிட்டால் நிதானம் என்பது நம் சொந்த உடம்புக்கு ஒரு மருந்து, அவ்வளவுதான் என்று ஆகிவிடும். அதற்காக ஒரு கூட்டம் தேவையில்லை. இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்புவது வேறு ஒரு கேள்வி. நாம் அவசரப்படுகிறோம். அந்த அவசரத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள்?

இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கல்லூரிக்குப் போவோம், ஒரு மருத்துவமனைக்குப் போவோம், ஒரு வகுப்பறைக்குப் போவோம், சாலைக்குப் போவோம், கடைசியாக நம் வீட்டுக்கே போவோம்.

முதலில் கல்லூரி. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் என்ற ஊர். அங்கே பாதிரியார் ஆவதற்குப் படிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த மாணவர்களில் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 1973-இல் வெளியிட்டார்கள். மாணவர்களிடம் சொன்னது இதுதான்: பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை ஆற்ற வேண்டும். சிலருக்கு என்ன தலைப்புத் தெரியுமா? நல்ல சமாரியன் உவமை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பெரிய மனிதர்கள் கண்டும் காணாமல் போக, யாரோ ஒரு அந்நியன் நின்று காப்பாற்றினானே, அந்தக் கதை.

கிளம்பும்போது சிலரிடம், இன்னும் நேரம் இருக்கிறது, மெல்லப் போகலாம் என்றார்கள். சிலரிடம், சரியான நேரம்தான், புறப்படுங்கள் என்றார்கள். சிலரிடம், ஐயோ, தாமதமாகிவிட்டதே, அங்கே காத்திருக்கிறார்கள், ஓடுங்கள் என்றார்கள். போகிற சந்தில் ஒரு வாசற்படியோரம் ஒருவர் தலை தொங்கக் கிடக்கிறார். இருமுகிறார், முனகுகிறார். அவர் சோதனைக்காக உட்கார வைக்கப்பட்டவர். மாணவர்களுக்கு அது தெரியாது.

யார் நின்றார்கள்? நேரம் இருந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்றார்கள். சரியான நேரத்தில் புறப்பட்டவர்களில் 45 பேர். ஓடச் சொல்லப்பட்டவர்களில் 10 பேர். வெறும் 10 பேர்! கருணையைப் பற்றிய கதையைப் பேசப் போகிறவரா, வேறு எதையாவது பேசப் போகிறவரா என்பது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசுவதற்காகவே, கிடந்தவரைத் தாண்டிக் காலை எடுத்து வைத்து ஓடியவர்களும் உண்டு.

அந்த மாணவர்கள் கெட்டவர்களா? இல்லை. ஊழியத்துக்கென்று வாழ்க்கையையே கொடுக்க வந்தவர்கள். அவர்களுடைய நல்ல மனத்தை எடுத்துக்கொண்டது எது? சில நிமிடத் தாமதம். அன்று அவர்கள் ஓடினார்கள், சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், பேசினார்கள். அவசரத்தின் விலையை யார் கொடுத்தார்? வாசற்படியில் கிடந்தவர் கொடுத்தார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். 1984-இல் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மருத்துவர் அறைகளில் நடந்த 74 சந்திப்புகளைப் பதிவு செய்து கேட்டார்கள். என்ன செய்கிறது என்று மருத்துவர் கேட்கிறார். நோயாளி சொல்லத் தொடங்குகிறார். சராசரியாக 18-ஆவது விநாடியில் மருத்துவர் குறுக்கே பேசிவிடுகிறார். தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த நோயாளிகள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

சரி, முழுவதும் பேச விட்டால் பொழுது விடிந்துவிடாதா? அதையும் பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரத்து மருத்துவமனையில் 335 நோயாளிகளை இடைமறிக்காமல் பேசவிட்டார்கள். அந்த முடிவு 2002-இல் வெளிவந்தது. நோயாளிகள் சராசரியாக எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பத்து நிமிடம்? கால் மணி நேரம்? 92 விநாடி. ஒன்றரை நிமிடம், அவ்வளவுதான். முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே பேசி முடித்துவிட்டார்கள்.

நம் நாட்டு நிலை என்ன? உலக நாடுகளில் ஒரு பொது மருத்துவர் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார் என்று 2017-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. சுவீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். இதை வைத்து மருத்துவரைக் குறை சொல்வது எளிது, நியாயமில்லை. வெளியே நூறு பேர் சீட்டோடு நிற்கும்போது உள்ளே இருக்கும் ஒரு மருத்துவர் என்ன செய்வார்? ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் முதல் ஒன்றரை நிமிடத்தை நோயாளிக்கே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காய்ச்சல் என்று தொடங்கிய பாட்டி, 'அப்புறம் தம்பி, மாடிப்படி ஏறினா நெஞ்சை என்னமோ பிசையுது' என்று கடைசியாகச் சொல்வாரே, அந்த வாக்கியம் வெளியே வரும். 18 விநாடியில் நிறுத்தினால், காய்ச்சல் மாத்திரையோடு பாட்டி வீடு திரும்புவார். நெஞ்சை அவரே சுமந்துகொண்டு போவார். விலை கொடுத்தது யார்? பாட்டி.

இனி வகுப்பறை. ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், ஆகையால் இதைக் கொஞ்சம் நின்று பேசுகிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-களில் ஒரு சின்ன விஷயத்தை அளந்தார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? ஏறத்தாழ ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால், கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார், அல்லது அடுத்த பிள்ளையைக் காட்டுகிறார், அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுகிறார்.

அந்த ஒரு விநாடியை மூன்று விநாடி ஆக்கிப் பாருங்கள் என்றார் அவர். வேறு எதுவும் வேண்டாம். புதுப் பாடநூல் வேண்டாம், கணினி வேண்டாம், கட்டடம் வேண்டாம். மூன்று விநாடி சும்மா இருங்கள். என்ன நடந்தது? பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. 'தெரியல மிஸ்' என்பது குறைந்தது. பிள்ளைகள் தாங்களாகக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மக்கு என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் வாய் திறந்தார்கள்.

நம் வகுப்பை நினைத்துப் பாருங்கள். முதல் பெஞ்சில் கேள்வி முடியும் முன்பே கை தூக்குகிற பையன் ஒருவன் இருப்பான். மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் ஒரு பெண், பதில் அவளுக்குத் தெரியும். மனத்துக்குள் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருக்கிறாள். உதடு பிரியும் நேரத்தில் முதல் பெஞ்சு சொல்லிவிடும். ஆசிரியரும் 'வெரி குட்' சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பத்து வருடம் இப்படியே போனால், அந்தப் பெண் தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வருவாள்? தனக்கு ஒன்றும் தெரியாது என்ற முடிவுக்கு வருவாள். பாடத்திட்டத்தை முடித்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். விலையை அவள் கொடுத்திருப்பாள்.

சாலைக்கு வருவோம். இங்கே கணக்குப் பேசட்டும். உங்கள் வீட்டிலிருந்து அலுவலகம் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 18 நிமிடம். 60-இல் பறந்தால் 12 நிமிடம். மிச்சம் ஆறு நிமிடம். அதுவும் வழியில் சிக்னலே இல்லாவிட்டால். சிக்னல் இருந்தால், உங்களை முந்திப் பறந்த வண்டி அடுத்த சிக்னலில் உங்கள் பக்கத்திலேயே நிற்கும். இந்தக் காட்சியைப் பார்க்காதவர் இந்த அவையில் உண்டா?

வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் மோதும் ஆற்றல் ஒன்றரை மடங்கு கூடுவதில்லை. இரண்டேகால் மடங்கு கூடுகிறது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ப்பலி ஆகும் விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இறந்தது அதிவேகத்தால் நடந்த விபத்துகளில். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் எது? நம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள்.

ஆறு நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர் காருக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சாலையைக் கடப்பவர் கையில் ஒரு மஞ்சள் பையும் ஒரு பேரப்பிள்ளையும். விலை யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டுமா?

சரி, நான் வண்டியே ஓட்டுவதில்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். வீட்டில் இருந்தபடியே நாம் சாலையில் வேகமாகப் போகலாம், தெரியுமா? பத்து நிமிடத்தில் வீடு தேடி வரும் என்ற நம்பிக்கையில் கைப்பேசியைத் தட்டுகிறோம். நாம் சோபாவில் இருக்கிறோம். நம் அவசரம் மட்டும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, மழையில் நனைந்து, சிவப்பு விளக்கைத் தாண்டி வருகிறது. ஓட்டி வருகிற பையனுக்கு வயது இருபத்திரண்டு இருக்கும். நாம் வாங்கியது என்ன? ஒரு பாக்கெட் சிப்ஸ்.

அன்பர்களே, இதுவரை ஊரைச் சுற்றினோம். இனி வீட்டுக்குப் போவோம். ஏனென்றால் வெளியில் நாம் காட்ட முடியாத அவசரத்தை எல்லாம் வீட்டில்தான் காட்டுகிறோம். அதிகாரியிடம் 'சீக்கிரம் சொல்லுங்க சார்' என்று சொல்ல முடியுமா? அம்மாவிடம் சொல்லலாம். மனைவியிடம் சொல்லலாம். பிள்ளையிடம் சொல்லலாம். யார் நம்மைத் திருப்பிக் கேட்க மாட்டார்களோ அவர்களிடம் நாம் அதிகமாக அவசரப்படுகிறோம்.

காலை ஏழே முக்கால் மணி. தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. நான்கு வயதுப் பையன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறான். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, கழுத்தைக் குனிந்து, கீழேயிருந்து இரண்டாவது பொத்தானை மூன்றாவது ஓட்டைக்குள் நுழைத்துவிட்டான். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது சட்டை. அவனே அதைக் கவனித்துவிட்டான். கழற்றி மறுபடி தொடங்கப் போகிறான். அந்த நேரம் பார்த்து அப்பா வருகிறார். 'விடுடா, நான் போடறேன்.' ஆறு பொத்தானும் பத்து விநாடியில் போட்டாயிற்று. வேன் கிளம்பிவிட்டது. அப்பாவுக்கு வெற்றி.

பையன் என்ன கற்றுக்கொண்டான்? பொத்தான் போடக் கற்றுக்கொள்ளவில்லை. கை நீட்டி நின்றால் யாராவது போட்டுவிடுவார்கள் என்று கற்றுக்கொண்டான். ஏழு வயதிலும் அப்படியே நிற்பான். அப்போது அதே அப்பா, 'இவ்வளவு வளர்ந்தும் ஒரு சட்டை போடத் தெரியல' என்று திட்டுவார். இரண்டு நிமிடம் முன்னதாக எழுப்பியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் இது.

பிள்ளையிடமிருந்து தாயிடம் வருவோம். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அம்மா வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறார். அம்மாவுக்கு எழுத வராது, பேச வரும். நான்கு நிமிடச் செய்தி. பக்கத்து வீட்டுக் கல்யாணம், முருங்கை காய்த்தது, முழங்கால் வலி, எல்லாம் அதில் இருக்கிறது. 2021-இல் அந்தச் செயலியில் ஒரு வசதி வந்தது. குரலை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கலாம். அலுவலகச் செய்திக்கு அது நல்ல வசதிதான். நாம் அம்மாவையும் அதில் போட்டுவிட்டோம். அம்மாவின் குரலை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறோம்.

அதில் என்ன போகிறது? விஷயம் ஒன்றும் போகவில்லை. கல்யாணம் வருகிறது, முருங்கை வருகிறது, முழங்காலும் வருகிறது. போவது இடைவெளி. 'சரி, வேற ஒண்ணும் இல்ல' என்று சொல்லிவிட்டு அம்மா ஒரு நொடி நிறுத்துவாரே, அந்த நிறுத்தம் போய்விடுகிறது. வேறு ஒன்று இருக்கிறது என்பதை அந்த நிறுத்தம்தான் சொல்லும். மேரி பட் ரோ வகுப்பறையில் கேட்ட மூன்று விநாடியை நம் தாய்மார்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கணவன் மனைவி சண்டையிலும் இதே கதைதான். ஒருவர் பேசி முடிக்கும் முன்பே மற்றவர் பதிலைத் தயாரித்து வைத்திருக்கிறார். பதில் சூடாக வந்து விழுகிறது. அரை மணி நேரம் கழித்து அதே பதிலைச் சொல்லியிருப்பாரா? பெரும்பாலும் மாட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது அடுத்தவரைப் பார்த்துச் சொல்வதற்காகவே உண்டான பழமொழி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆக்கப் பொறுத்த நமக்கு ஆறப் பொறுக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். எழ வேண்டும். 'ஐயா, இந்த நாட்டில் ஏற்கெனவே எல்லாம் மெதுவாகத்தான் நடக்கிறது. முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்தவர் நடையாய் நடக்கிறார். பட்டா மாறுதலுக்குக் காத்திருந்து தலை நரைத்துவிட்டது. இதில் நீங்கள் வேறு வந்து நிதானம் பேசுகிறீர்களே!'

நல்ல கேள்வி. அதற்கும் நம் பழைய கேள்வியையே அளவுகோலாக வைப்போம். விலையை யார் கொடுக்கிறார்கள்? கோப்பு மேசையில் தூங்கும்போது அலுவலர் ஒன்றும் இழப்பதில்லை. வெளியில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் கிழவி இழக்கிறார். ஆகவே அது நிதானம் ஆகாது, அலட்சியம். அவசரக்காரரும் அலட்சியக்காரரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இருவரும் தங்கள் வசதிக்கு அடுத்தவர் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் பதிலுக்கு 30 நாள் கெடு வைத்ததே, அது அவசரத்துக்காக வைத்த கெடு இல்லை. காத்திருப்பவருக்காக வைத்த கெடு.

விரைய வேண்டிய இடத்தில் விரையத்தான் வேண்டும். 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடுகிறது. அது மெதுவாகப் போகட்டும் என்று யாராவது சொல்வார்களா? பக்கவாதம் வந்தவருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் நோயாளியுடையது.

வள்ளுவர் இதை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார். சோம்பலைக் கண்டிக்க மடியின்மை என்று ஒரு தனி அதிகாரம் எழுதியவர் அவர். அவரே வினைசெயல்வகை அதிகாரத்தில், தாழ்த்திச் செய்ய வேண்டியதைத் தாழ்த்திச் செய், தாழ்த்தக் கூடாததைத் தாழ்த்தாதே என்று இரண்டையும் ஒரே குறளில் வைத்தார். எது எந்த வகை என்று பிரித்தறிவதுதான் நம் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஓட்டுகிறோமே, அங்கேதான் வந்தது வினை.

மெதுவாகச் செய்வது எளிது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பாட்டுக் கற்றவர்களைக் கேளுங்கள். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாட வைப்பார்கள். முதல் காலம் மெதுவானது. அதுதான் கடினம். மூன்றாம் காலத்தில் ஸ்வரம் கொஞ்சம் தவறினாலும் ஓட்டத்தில் மறைந்துவிடும். முதல் காலத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக நிற்கும், ஒளிய இடம் இருக்காது. தாளத்தை இழுக்காமல் பிடிக்கவும் நெஞ்சுரம் வேண்டும். வீணை தனம்மாள் 1867-இல் பிறந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். பெரிய வித்வான்களே போய்ச் சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்பார்கள். பதம் என்னும் பாடல்களை அவர் சௌக்க காலத்தில், அதாவது மிக விளம்பமாக, இழைத்து வாசித்ததைத்தான் இன்றும் இசை உலகம் பேசுகிறது. அவ்வளவு மெதுவாக வாசிக்க எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்!

இப்போது கடைசிக் கேள்வி. நிதானமாக இரு என்று யாரிடம் சொல்வது? எல்லாரிடமும் ஒன்றுபோல் சொல்ல முடியுமா? நாள் கூலிக்குப் போகிறவரிடம் போய், கொஞ்சம் மெதுவாக வேலை பாருங்கள் என்றால், அவர் கூலியில் யார் கை வைப்பார்கள்?

வீட்டுக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை. குடும்பத் தலைவர் திண்ணையில் நிதானமாகப் பத்திரிகை படிக்கிறார். நிதானமாகக் காபி குடிக்கிறார். நிதானமாக, 'டிபன் ஆச்சா?' என்கிறார். உள்ளே ஒரு அடுப்பில் சாம்பார், ஒரு அடுப்பில் தோசைக்கல், நடுவில் வாஷிங் மெஷின் கூப்பிடுகிறது. அவருடைய நிதானத்துக்குள் இன்னொருவருடைய அவசரம் அடங்கியிருக்கிறது. மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். பெண்ணைப் பார்த்து, கொஞ்சம் ஓய்வாக இரும்மா என்று சொன்னால் போதாது. அந்த 299-இல் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இத்தாலியில் ஒரு இயக்கம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. 1986-இல் ரோம் நகரத்தில், பழம்பெரும் ஸ்பானியப் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில், மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தது. அதை எதிர்த்தவர்களில் முன்னின்றவர் கார்லோ பெட்ரினி. அந்த எதிர்ப்பிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்லோ ஃபுட் இயக்கம். 1989-இல் பாரிஸில் அதன் பிரகடனம் வெளியானது. நத்தைதான் அதன் சின்னம். நத்தையைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் அவர்கள் உணவுக்கு வைத்த மூன்று இலக்கணங்களைக் கேளுங்கள்: நல்லதாக இருக்க வேண்டும், தூய்மையாக இருக்க வேண்டும், நியாயமாக இருக்க வேண்டும். நியாயம் என்றால் என்ன? விளைவித்தவருக்கு உரிய விலை கிடைக்க வேண்டும். மெதுவாகச் சாப்பிடு என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. உன் தட்டுக்கு விலை கொடுத்தவர் யார் என்று பார் என்றார்கள்.

ஆகவே, நண்பர்களே, நிதானம் மேலிருந்து தொடங்க வேண்டும். கெடு வைக்கும் இடத்தில் இருப்பவர் தொடங்க வேண்டும். முதலாளி தொடங்க வேண்டும், ஆசிரியர் தொடங்க வேண்டும், அப்பா தொடங்க வேண்டும், கைப்பேசியைத் தட்டுகிற வாடிக்கையாளர் தொடங்க வேண்டும்.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருப்பீர்கள். 96 அடி உயரம், அலங்காரத்தோடு சுமார் 300 டன் எடை. வடத்தைப் பிடித்து ஆயிரக்கணக்கானோர் இழுக்கிறார்கள். இழுப்பவர்களால் அதைத் திருப்ப முடியுமா? முடியாது. சக்கரத்தின் பக்கத்திலேயே சிலர் முட்டுக்கட்டையோடு நடக்கிறார்கள். அவர்கள் கட்டையை எந்தச் சக்கரத்தில், எந்தக் கோணத்தில் போடுகிறார்களோ, அதற்கேற்பத் தேர் வீதி திரும்பும். தப்பினால் சக்கரம் அவர்கள் மேல்தான் ஏறும். நம் வாழ்க்கைக்கும் இழுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டை போடத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு ஒருவராவது வேண்டும். அவர் நீங்களாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பெரிய சபதம் எதுவும் எடுக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே செய்யக் கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஆசிரியர்களே, கேள்வி கேட்டபின் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். பெற்றோர்களே, பொத்தானைப் பிள்ளையே போடட்டும், நீங்கள் சீக்கிரம் எழுந்திருங்கள். கணவன்மார்களே, உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காபியை நீங்களே போடுங்கள், கூடவே இன்னொரு டம்ளரும். பொருளை வரவழைக்கிறவர்களே, கொண்டு வரும் தம்பி தொலைபேசியில் அழைத்தால், 'அவசரமில்ல தம்பி, பார்த்து வாங்க' என்று சொல்லுங்கள். அம்மா இருக்கிறவர்கள், அம்மா அனுப்பிய குரலை அம்மாவின் வேகத்திலேயே கேளுங்கள்.

நம் அவசரத்தின் விலையை நாமே கொடுப்பதாக இருந்தால், அவசரப்படுவது நம் சொந்த விஷயம் என்று விட்டுவிடலாம். கொடுப்பவர்கள் வேறு யாரோ என்பதால்தான் அது அறத்தின் விஷயம் ஆகிறது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் அவசரத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டால், நாளை முதல் அந்தக் கடனைக் கட்டத் தொடங்குங்கள்.